சருகுக்கு ரசீது கேட்ட டீச்சர்

திங்கட்கிழமை காலை, ஓய்வுபெற்றுவிட்ட எனக்கு, முன்பு வேலை பார்த்த பேரூராட்சி அலுவலகத்திலிருந்து போன். "சார், சருகு டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு." போனை வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றேன். வெண்ணாற்றில் தண்ணீர் வந்த புதுசு, ஊரே ஈர வாசனையாக இருந்தது. முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்துவிட்டோமே என்று அப்புறம் அழுகை வந்தது.

ரீத்தம்மாள் டீச்சருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதை உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். முழுக்கதையில் நானும் இருக்கிறேன், அதுவும் யோக்கியமான இடத்தில் இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் மாதாகோயில் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்தவர். ஒரே மகன் சேவியர் துபாய்க்குப் போனான். ஓட்டு வீடு மாடி வீடானது. அந்த வருடங்களில் தெருவுக்கு இரண்டு வீடு அப்படித்தான் உயர்ந்தது. புது மாடிக்கு மேலே, வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் கிளை கவிந்திருந்தது. சாலையோர மரம், பேரூராட்சிக்குச் சொந்தம். அடியில் சுண்ணாம்பு பூசி 17 என்று எண் போட்டிருக்கும். கிளையை வெட்டித் தரச் சொல்லி டீச்சர் மனு கொடுத்தார். அப்போதைய செயல் அலுவலர் தலை நிமிராமலே சொன்னார்: "மரம் பேரூராட்சியோடது. ஒரு இலையக்கூட நீங்க தொடக் கூடாது."

அடுத்த திங்கட்கிழமை சைக்கிள் ரிக்‌ஷாவில் டீச்சர் வந்து இறங்கினார். கூடவே ஒரு சாக்கு, வாய் கோணி ஊசியால் தைத்தது. என்ன தையல்! ஒவ்வொன்றும் ஒரே அளவு. ஒரு கடிதமும் இருந்தது: 'பேரூராட்சிக்குச் சொந்தமான சருகு என் வாசலில் விழுந்து கிடந்தது. ஒப்படைக்கிறேன். ரசீது தரவும்.'

"என்ன டீச்சர் இது?" என்றேன். நான் அப்போது இளநிலை உதவியாளன்.

"உங்க ஆபீஸ்லதானே தம்பி இலையத் தொடக் கூடாதுன்னாங்க? உங்க சொத்து, பத்திரமா வச்சுக்கங்க."

விளையாட்டாக எழுதிக் கொடுத்தேன்: 'மரம் எண் 17. சருகு, ஒரு சாக்கு. பெற்றுக்கொண்டேன்.' முத்திரையும் குத்தினேன். அது வாராவாரம், வருடக்கணக்காகத் தொடரும் என்று யார் கண்டார்கள்!

எப்போது டீச்சரின் கோபம் கரைந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் தார்ச்சாலையிலேயே நெல்லைக் காயப் போடுவார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பட்டப்பகலிலேயே மரத்தின் இலைகள் கூம்பிவிடும். "மரம் கண்ண மூடிடுச்சு, அள்ளுங்கடி!" என்று ஒரு குரல் எழும், தெருவே ஓடிவரும். சாயங்காலங்களில் டீச்சர் மாடியில் நாற்காலி போட்டிருப்பார், எந்தக் கிளையை வெட்டச் சொன்னாரோ அதற்கு நேர் கீழே. மடியெல்லாம் ரோஜா நிறப் பூத்தூவல் உதிர்ந்து கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்துக்குத் துபாயிலிருந்து போன் வரும். சேவியர் எடுத்ததும் கேட்பது, "மரம் தூங்கிடுச்சாம்மா?"

"இப்பதான் கண்ணு, பாதித் தூக்கம்" என்பார்.

ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அம்மா எப்படி இருக்கேன்னு கேட்டா அவன் அழுதுடுவான் தம்பி. அதான் மரத்தக் கேக்குறான்."

பிறகு அந்த இடத்தில் கடைகள் கட்ட பேரூராட்சி முடிவு செய்தது. புதிதாக வந்திருந்த வெளியூர்ப் பொறியாளர் மரத்தைப் பார்க்கப் போனது அந்தி மயங்கிய பிறகு. இலைகளெல்லாம் கூம்பித் தொங்கின. 'பட்டுப்போன மரம், அகற்றலாம்' என்று எழுதிவிட்டார். தெரியாமல் எழுதினாரோ, தெரிந்தே எழுதினாரோ, அவரை விடுங்கள். உடன் சென்று பார்த்ததாகக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். மரம் தூங்குகிறது என்று தெரிந்துதான் போட்டேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த வருடம் அது. வேறு சாக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்கு டீச்சர் வந்தார். கையில் ரசீதுகள், ஓரத்தை நூலால் தைத்துப் புத்தகமாக்கியிருந்தார்.

"வெட்டச் சொல்லி மனு கொடுத்ததே நீங்கதானே டீச்சர்?" என்றார் தலைவர்.

"கிளையத்தான் கேட்டேன். அப்ப என் புத்தி அவ்வளவுதான்." புத்தகத்தை மேசைமேல் வைத்தார். "போன திங்கக்கிழமை வரைக்கும் சருகுக்கு ரசீது கொடுத்திருக்கீங்க. பட்ட மரத்துல வாராவாரம் உதிர ஏதுங்க இலை? இந்த ரசீதுல இருக்கறதும் அந்த ரிப்போர்ட்டுல இருக்கறதும் ஒரே கையெழுத்து. எது நெசம்னு தம்பியே சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ரசீதுதான் நெசம்" என்றேன்.

மரம் நின்றது. எனக்கு முத்துப்பேட்டைக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும்போது டீச்சர் எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு வந்து நின்றார். "எம்மேல கோவமா தம்பி?" "எம்மேலதான் டீச்சர்." "அப்ப சரியாப் போயிடும்" என்றார்.

துபாய் விமானம் தாமதமானதால் செவ்வாய்க்கிழமை மாலைதான் அடக்கம். சேவியருக்குத் தலை நரைத்திருந்தது. வாசலில் ஒரு சாக்கு இருந்தது. வாய் முக்கால்வாசிதான் தைத்திருந்தது, ஊசி அப்படியே குத்தி நின்றது. "இத என்ன பண்றதுன்னு தெரியலண்ணே" என்றான். ஒரு தாள் வாங்கி எழுதினேன்: 'மரம் எண் 17. சருகு, ஒரு சாக்கு. பெற்றுக்கொண்டேன்.' முத்திரை இல்லை, கையெழுத்து மட்டும். சேவியர் அதை மடித்து, அம்மாவின் ஜெபமாலை சுற்றிய விரல்களுக்குள் வைத்தான். பெட்டி வாசலைத் தாண்டியபோது அண்ணாந்து பார்த்தான். "மரம் தூங்கிடுச்சும்மா" என்றான்.

அந்தச் சாக்கு இப்போது என் வீட்டில் இருக்கிறது, ஊசியோடு. பிரித்துக் கொட்டச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள். முடியாது. ரசீது கொடுத்திருக்கிறேன்.