சாட்டு போட்ட ஊரில் ஒரு கோடை வகுப்பு

தகரக் கூரை வெயிலில் காயும்போது அதிலிருந்து ஒரு வாடை இறங்கும்; துருவும் சுண்ணாம்பும் பிள்ளைகளின் வியர்வையும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் என் கண் தானாக வாசலைத் தேடுகிறது. திருப்பதியில் ஒரு குறுகலான சந்தின் கடைசியில், மாட்டுக் கொட்டகையாக இருந்து பெஞ்சு போட்ட ஒரே காரணத்தால் வகுப்பறையாகிவிட்ட "ரேக்குல ஷெட்டு" அது. தகர ஷெட்டுக்கு அங்கே அதுதான் பெயர். ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மாஸ்டரின் தலைக்கு மேலே மட்டும் சுற்றும். ஒன்பதாம் வகுப்பு முடித்துப் பத்துக்குப் போகிற பிள்ளைகளைச் சேர்த்து, மே மாதத்து வெயிலில், கணக்கும் அறிவியலும் அங்கே போட்டு அரைப்பார்கள்.

வருடா வருடம் சித்திரை பிறந்ததும் ஒரு வாதம் கிளம்புகிறது: உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்பவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள். பிள்ளைகளை விடுங்கள், ஓடட்டும், ஏரியில் குதிக்கட்டும், மாங்காய் அடிக்கட்டும், வருடம் முழுக்கப் படித்தது போதாதா என்கிறார்கள். நானே ஒரு கணக்கு டீச்சர். என் பையனை எந்தக் கோடை வகுப்புக்கும் அனுப்பியதில்லை, அனுப்பவும் மாட்டேன். ஆனால் "கோடை விடுமுறை குழந்தைகளின் சொர்க்கம்" என்று யாராவது மேடையேறி உருகினால் மட்டும் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. யாருடைய சொர்க்கம் என்று எழுந்து கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் ஆந்திரத்தில் பாலசமுத்திரத்தை ஒட்டி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். காலங்காலமாக அடுத்தவர் நிலத்தில் கூலி செய்த குடும்பங்கள் நாங்கள்; என் நைனா காலத்தில்தான் சொந்தமாகத் துண்டு நிலமும் அதில் கொஞ்சம் மாமரங்களும் ஆயின. எங்கள் ஊரில் ஒரு விசித்திரம் உண்டு. பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் எந்தப் பெண்ணும் படிப்பை விட்டு நின்றதில்லை. எல்லோரும் விடுமுறையில்தான் நின்றார்கள். ஏப்ரலில் பையை மாட்டி வைத்த பெண், ஜூனில் அந்தப் பையை எடுக்கமாட்டாள். பள்ளி திறந்த முதல் நாள் டீச்சர் பெயர் கூப்பிடுவார், பதில் வராது, யாராவது ஒருத்தி எழுந்து "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி டீச்சர்" என்பாள், டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

என் அக்காவின் பெயரும் அப்படித்தான் ஒரு ஜூனில் பதிலில்லாமல் போனது. விடுமுறையில் அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். "கல்யாணம் ஆனா என்ன, படிக்கட்டுமே" என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அவள் புத்தகம் எங்கே போனது என்று பிறகு கேட்கவில்லை. அவள் அழவில்லை. அது ஏனென்று எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்கு மாப்பிள்ளையாக வந்தவர் வேற்றாள் இல்லை. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா. மாங்காய் சீசனில் ஜூஸ் ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுவார். தாயில்லாத அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மாதான். நல்ல மனிதர், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கு வறுத்த கடலைப் பொட்டலம் கொண்டு வருவார். நான் ஒன்பதாவது படித்த வருடத்து உகாதிக்கு மட்டும் கடலைக்குப் பதிலாகப் புடவையும் கொலுசும் கொண்டு வந்தார். தாய்மாமன் உரிமை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மேல் பேச்சு ஏது? "கையில வெண்ணெய வெச்சிக்கினு நெய்க்கு அலையறதா?" என்றார் நைனா. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை முகூர்த்தத்தில் நிச்சயம், வைகாசி முடிவதற்குள் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். நான் தண்ணீர்ச் சொம்போடு அங்கேயே நின்றிருந்தேன். கொலுசை வாங்கிக் கொள் என்றார்கள், வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு அம்மா எல்லோருக்கும் சோறு போட்டாள். இரண்டொரு நாள் கழித்து, மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே நைனாவிடம், "பத்தாவுது போற புள்ளைங்கள திருப்பதில கோட கிளாஸுல சேக்கறாங்களாம். ராஜம்மா வீட்டுல தங்கிக்கட்டும். படிச்ச பொண்ணுன்னா எந்தம்பிக்கும் கௌரவம்தானே" என்றாள். ராஜம்மா அம்மாவோடு மாங்காய்க் கூழ் ஃபேக்டரியில் வேலை செய்த தோழி. கல்யாணமாகித் திருப்பதிக்குப் போய், கங்கம்மா கோயிலுக்குப் போகிற வழியில் பூக்கடை வைத்திருந்தாள். சேதி கேட்டு மாமாவும் பெருமையாகத் தலையாட்டினார். "நிச்சயத்துக்கு மொத நாளு போயி இட்டுக்கினு வந்துட்டா போச்சு" என்றார் நைனா. அதோடு முடிந்தது.

வகுப்பு வியாழக்கிழமைதான் ஆரம்பம். அம்மாவோ என்னைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே பஸ் ஏற்றிவிட்டாள். அம்மாவுக்குக் கிழமை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பொழுது சாயறதுக்குள்ள ராஜம்மா வீட்டுல போயி ஒரு வாயி சோறு துன்னுடு" என்று இரண்டு முறை சொன்னாள். புத்தூர் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன். அம்மா சோற்றைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிறவள் இல்லை.

பொழுது சாயுமுன் ராஜம்மக்கா வீட்டில் சாப்பிட்டேன். மறுநாள் எழுந்தபோது ஊரே வேறு மாதிரி இருந்தது. தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். முந்தைய இரவு கங்கம்மா ஜாத்திரைக்குச் "சாட்டு" போட்டுவிட்டார்கள். அதாவது, ஜாத்திரை தொடங்கிவிட்டது என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. இனி அது முடிகிற வரைக்கும் ஊருக்குள் இருப்பவர்கள் "பொலிமேர" எனப்படும் ஊரெல்லையைத் தாண்டி இராத்தங்கக் கூடாது. எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டினாலும் இதே கட்டுத்தான். ஆனால் எனக்கு அப்போது சாட்டும் நினைவில்லை, சாமியும் நினைவில்லை. சனிக்கிழமை ஒன்றுதான் நினைவு.

ஷெட்டில் நான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். மாஸ்டர் தெலுங்கில் வேகமாகக் கணக்குப் போடுவார். தமிழ் மீடியத்தில் படித்த எனக்குப் பாதி புரியாது. பக்கத்துப் பெண்ணைக் கேட்டால் மாஸ்டரின் சுண்ணாம்புக் கட்டி பறந்து வரும். தலைக்கு மேலே தகரம் கொதிக்கும், புத்தகத்தில் வியர்வை சொட்டும், ஆனால் எனக்குப் பயம் எல்லாம் வாசல்மேல்தான். வெளிச்சத்தில் ஒரு நிழல் விழுந்தால் போதும், எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிடும். பால்காரரைப் பார்த்து நின்றது, சைக்கிளில் வந்த தபால்காரரைப் பார்த்து நின்றது. அந்த ஷெட்டை நான் விரும்பினேன் என்று சொன்னால் பொய். அங்கிருந்து என்னை யாரும் எழுப்பிக்கொண்டு போகக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் கணக்கைப் பாதியில் நிறுத்தி, "நீ கோசம் எவரோ வச்சாரம்மா" என்றார். எனக்காக யாரோ வந்திருக்கிறார்கள். வாசலில் நைனாவும் மாமாவும் நின்றிருந்தார்கள். மாமா புதுச்சட்டை போட்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்தபோது, ஜூன் மாதம் என் பெயரைக் கூப்பிட்டு டீச்சர் அடுத்த பெயருக்குப் போவது காதில் கேட்டது.

துணி எடுக்க ராஜம்மக்கா வீட்டுக்குப் போனோம். அவள் பூக்கூடையை இறக்கிவைத்து, இருவருக்கும் மோர் கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"சாட்டு போட்டாச்சே அண்ணா. புள்ளய எப்படி அனுப்பறது?"

மாமா சிரித்தார். "இவ எங்கூரு பொண்ணுக்கா. செவ்வாய்க்கெழம வந்தவளுக்கு என்னா சாட்டு?"

"சாட்டு போடறப்ப பொலிமேருக்குள்ள இருந்தாளா இல்லியா? என் அடுப்புல வெந்த சோறு துன்னாளா இல்லியா? துன்னா, அப்பறம் அவளும் கங்கம்மா புள்ளதான்" என்றாள் ராஜம்மக்கா. "நான் போவ வேணாம்னா சொல்றேன்? பகல்ல இட்டுக்கினு போங்க, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து உட்டுடுங்க."

முகூர்த்தம் விடியற்காலை. இராத்தங்காமல் முடியாது. அது அவளுக்கும் தெரியும். மாமா சட்டென்று எழுந்து, "இதெல்லாம் பாத்தா ஆவுமா மாமா? சாமி என்னா செக்போஸ்டுலயா உக்காந்துக்கினு இருக்கு? வாங்க போலாம்" என்று நைனாவிடம் சொல்லிக்கொண்டே என் பையைத் தூக்கினார்.

ராஜம்மக்கா அவரைப் பார்க்கவே இல்லை. நைனாவை மட்டும் பார்த்தாள். "வருசா வருசம் ஊருக்கு கரகம் எடுக்கற மனுசன் நீ. நீயே சொல்லு அண்ணா. நீ தாண்டுன்னு சொல்லிட்டா நான் கதவ தெறந்து உடறேன்."

நைனா ஊரில் கரகம் எடுப்பவர். காப்புக் கட்டியிருந்ததால், சொந்தத் தங்கையின் பிள்ளைக்குக் காது குத்தும் வைபவத்துக்கே விடிந்த பிறகு போய், பந்தியில்கூட உட்காராமல் இருட்டுவதற்குள் ஓடி வந்தவர். "காப்புன்னா காப்புதான், கலெக்டருக்கும் அதான்" என்பது அவருடைய வாக்கு. தெருவில் கரி பூசிய வேஷக்காரன் ஒருவன் வேப்பிலைக் கொத்தை ஆட்டிக்கொண்டு, ஜாத்திரை வழக்கப்படி போகிறவன் வருகிறவனையெல்லாம் திட்டிக்கொண்டே போனான். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நைனா மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சரி என்றிருந்தால் நான் போயிருப்பேன். எதிர்த்துப் பேசுகிற தைரியம் எனக்குக் கிடையாது, அதை யாரும் எனக்குக் கற்றுத் தரவும் இல்லை.

"பைய எறக்கி வெய்யி" என்றார் நைனா, மாமாவிடம்.

மாமா பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம்தான் என்று நினைத்தேன். கோபம் இல்லை, அவமானம். அவருடைய அக்காதான் இதைச் செய்திருக்கிறாள் என்று அவருக்கு அந்த நிமிடம் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய அன்று சாயங்காலம்வரை ஆயிற்று. "உங்கம்மா என்னைக்கி சாட்டுன்னு ஆளு மேல ஆளு உட்டு கேட்டா. செவ்வாய்க்கெழம சாயறதுக்குள்ள எம்பொண்ணு உன் ஊட்டுல சோறு துன்னுடணும்னா" என்று பூக்கட்டிக்கொண்டே சொன்னாள் ராஜம்மக்கா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்மா போட்ட கணக்குப்படியே நடந்தது. மாஸ்டர் போட்ட எந்தக் கணக்கும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. திருப்பதி ஜாத்திரை முடிந்தது, எங்கள் ஊரில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிய ஊரில் மங்கள காரியம் கிடையாது. காப்பு அவிழ்வதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அடுத்து தெலுங்குக்காரர்களின் ஆஷாடம், அது ஓய்வதற்குள் தமிழர்களின் ஆடி. எல்லையில் இருக்கும் நாங்கள் இரண்டிலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணியில் மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை. பொங்கலுக்கு வரும் தாய்வீட்டுச் சீர் அந்த வருடத்தோடு நின்றது. மாட்டுப்பொங்கலன்று அம்மா வாசலை எட்டி எட்டிப் பார்ப்பதை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, "வருத்தமா இல்லியாம்மா?" என்று கேட்டேன். "இல்லாம? தூக்கி வளத்த புள்ள அவன்" என்றாள். பிறகு, "ஒருத்திய குடுத்துட்டேன். இன்னொருத்தியயும் எப்பிட்றி குடுக்கறது?" என்றாள்.

அந்த ரேக்குல ஷெட்டு இப்போது இல்லை; அந்த இடத்தில் யாத்திரிகர்கள் தங்கும் மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. ராஜம்மக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். வேர்த்து விறுவிறுத்து ஊர்விட்டு ஊர் போய்ப் படிக்கிற கோடை வகுப்பும் எங்கள் பக்கத்தில் அநேகமாகப் போய்விட்டது. எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. சென்ற வாரம் எங்கள் பள்ளியில் கூட்டம் போட்டபோதும் அதுதான் முடிவாயிற்று: வெயில் அதிகம், பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும், பத்துக்குப் போகிறவர்களுக்குப் போனில் பாடம் நடத்தலாம். நானும் சரி என்று கைதூக்கினேன்.

கூட்டம் முடிந்து கேட்டைத் தாண்டும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பின்னாலேயே வந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். காலால் மண்ணைக் கீறிக்கொண்டு, "மேடம், கிளாஸ் போன்ல வேணாம். ஸ்கூல்லயே வைங்க மேடம். நான் டெய்லி வர்றேன். வெயிலெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்றாள். காரணம் சொல்லவில்லை. புதுக்கொலுசு போட்டிருந்தாள்.

திரும்பிப் போய்த் தலைமையாசிரியரிடம் பேசி, வகுப்பறைச் சாவியை வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். இப்போது சட்டம் இருக்கிறது, அதிகாரிகளுக்கான நம்பர் இருக்கிறது, எல்லாம் தெரியும். இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊருக்குத்தான் போன் போட்டேன். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"எந்த ஊரு பொண்ணு அது?" என்றாள் பிறகு. "அங்க காப்பு என்னைக்கி கட்றாங்கோ?"