அரிசியளவுப் பேய்

வலது காலில் ஒரு ரொட்டிப் பையை மாட்டி, அதன்மேல் ரப்பர் உடையை இழுத்துக்கொண்டிருக்கிறாள் மெர்சியா ஃபெப்ருவாரி. பை இருந்தால் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை சைமன்ஸ் டவுன் கடற்கரை வண்டி நிறுத்தத்தில், கடலுக்குள் முங்கிப் படமெடுக்கும் நாங்கள் நாலைந்து பேரும் இப்படித்தான் ஒற்றைக் காலில் நொண்டுவோம். எங்களுக்கு ஏதோ ஒரு பை போதும். அவளுக்குக் கோதுமை ரொட்டிப் பைதான் வேண்டும். வெள்ளை ரொட்டியின் பை கிழிந்துவிடுமாம்.

அடுத்து வெந்நீர்க் குடுவை. குளிர்ந்த கடலில் இறங்குவதற்கு முன் கழுத்து வழியாக உடைக்குள் வெந்நீர் ஊற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். ஒரு தடவை குடுவை மாறிப்போய், சர்க்கரை போட்ட இஞ்சி டீயை ஊற்றிக்கொண்டாள். "என்ன இப்போ? சூடாத்தானே இருக்கு!" என்று அப்படியே இறங்கிவிட்டாள்.

வார நாட்களில் அவள் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரி. "நிறுத்தக் கோட்டுக்கு டயர் முத்தம் குடுத்தாலும் ஃபெயில்தான்" என்பாள். சொந்தத் தம்பியையே இரண்டு முறை ஃபெயிலாக்கினாள். அவன் வேறு ஊருக்குப் போய் உரிமம் வாங்கினான். அவள் குடும்பப் பெயர் பிப்ரவரி மாதம்தானே என்று யாராவது சீண்டினால், "மாசம்தான் சின்னது, கண்டிப்பு பெருசு" என்று வாயை அடைப்பாள்.

கடலுக்கடியிலும் அவள் அதிகாரிதான். நாங்கள் படமெடுப்பது சுறாவையோ கடல்நாயையோ அல்ல. விரல் நகத்தில் உட்காரக்கூடிய நத்தை, இறால், நண்டுக் குஞ்சு, இவைதான் எங்களுக்கு ராஜாக்கள். அவற்றைத் தொடக்கூடாது. படம் நன்றாக வரவேண்டும் என்று ஒரு பாசி இலையைக்கூட ஒதுக்கக்கூடாது. கைவிளக்கை மெதுவாக வட்டமாகச் சுழற்றினால் 'நலம்'. பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் 'ஆபத்து, ஓடி வா'. ஆபத்தே இல்லாமல் ஆட்டியவர் ஒரு மாதம் கரையில் உட்காரவேண்டும்.

இந்தக் கடைசி விதி மெர்சியா போட்டது. குழாய் வேலை செய்யும் ருஷ்டி, எங்களில் கைதேர்ந்த படக்காரன், ஓர் ஆக்டோபஸைக் காட்டுவதற்காக விளக்கை ஆட்டிவிட்டான். "அது உன்ன முழுங்கிருச்சா? இல்லையில்ல? போய்க் கரையில உக்காரு" என்று தீர்ப்புச் சொன்னாள். அவனும் உட்கார்ந்தான்.

அவளுடைய பேயைப் பற்றிச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பாசித் தண்டில் ஓடில்லாத கடல் நத்தை ஒன்றைப் பார்த்தாளாம். அரிசியளவு. மை நீல உடம்பு, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு. கேமராவைத் தூக்குவதற்குள் அலை பாசியைப் புரட்டிவிட்டது. அப்படியொன்றை எங்களில் யாரும் கண்டதில்லை, நம்பவும் இல்லை. "ஆன்ட்டி, இன்னிக்கு உங்க பேய் வந்துச்சா?" என்று ருஷ்டி கேட்காத ஞாயிறு கிடையாது. மெர்சியா சிரிப்பாள். ஆனால் அது அவளைச் சுட்டது. ஊரெல்லாம் அவள் கண்ணை நம்பி உரிமம் கொடுக்கிறது. கூட முங்குகிற நாங்கள் நம்பவில்லை.

போன குளிர்காலத்தில், தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்த ஒரு நாளில், பேய் மறுபடி வந்தது. மெர்சியா கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஒரே இருட்டு. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே கேமராவை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். கடலுக்கடியில் பெட்டியைத் திறக்க வழியில்லை. அன்று அவளுக்கு ஜோடி நான். பக்கத்திலேயே ஒரு பாறை இடுக்கில் தலையை விட்டு ஓர் இறாலைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட அவள் தன் காற்று சிலிண்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாளாம். இறால் முன்னால் இருந்தால் எனக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அவள் கண்ணை எடுத்தால் அந்த அரிசியை இன்னொரு முறை தேடிப்பிடிக்க முடியாது.

மெர்சியா விளக்கைப் பக்கவாட்டில் ஆட்டினாள்.

ஒளி என் கண்ணில் வெட்டியதும் பாய்ந்தேன். தூரத்திலிருந்து ருஷ்டியும் வந்தான். காற்றுத் தீர்ந்துவிட்டது என்று நினைத்து என் உபரி மூச்சுக்குழாயை அவள் வாயில் திணிக்கப் போனேன். தட்டிவிட்டு, பாசித் தண்டைச் சுட்டிக் காட்டினாள்.

ருஷ்டி படமெடுத்தான். மெர்சியா விளக்குப் பிடித்தாள். அலை எங்கள் மூவரையும் முன்னும் பின்னும் தள்ளியது. அவள் உடம்பு ஆடியது, கை ஆடவில்லை. மணிக்கட்டை லேசாகச் சாய்த்து, அந்தக் கொம்புகளின்மேல் மட்டும் ஒளி விழும்படி, விரல் விறைத்துப்போகும்வரை பிடித்திருந்தாள்.

மேலே வந்ததும் ருஷ்டி கத்தினான். "ஆன்ட்டி! உங்க பொணத்த எப்படிக் கரை சேக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்! ஒரு அரிசிக்கா இந்த ஆட்டம்?"

"அரிசி இல்லடா. மொதல்ல படத்தப் பாரு."

கரையில் உட்கார்ந்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். "யா அல்லா. கொம்பு ஆரஞ்சேதான்."

"இப்ப சொல்லு, பேயா?"

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி." தன் மனைவி சுட்ட கூசிஸ்டர் என்ற இனிப்புப் பணியாரங்களில், தேங்காய் தூவிய பெரிய ஒன்றாகப் பார்த்து அவள் வாயில் ஊட்டினான்.

மென்று விழுங்கிவிட்டு மெர்சியா கேட்டாள். "அது சரி. ஆபத்தில்லாம விளக்க ஆட்டுனது யாரு?"

அவளே கையைத் தூக்கினாள்.

"நான்தான். ஒரு மாசம் கரை."

"அய்ய, விடுங்க ஆன்ட்டி. நம்ம போட்ட விதிதானே."

"நான் போட்ட விதி. தம்பியவே விடல, என்ன விட்டுருவேனா?"

அந்த மாதம் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தாள். ரொட்டிப் பை, ரப்பர் உடை, கழுத்தில் வெந்நீர், எல்லாம் முறைப்படி நடக்கும். பிறகு கடலுக்குள் இறங்கும் படிக்கட்டில் நின்று எங்களைச் சோதிப்பாள். "மூடி?" "கழட்டியாச்சு." "காட்டு." காட்டிவிட்டுத்தான் இறங்கவேண்டும். இப்படியொருத்தியோடு முங்குகிறோம் என்று எனக்கு அப்போது வந்த பெருமை, நானே நல்ல படம் எடுத்த நாளில்கூட வந்ததில்லை.

எங்கள் பகுதி நூலகத்தில் அந்தப் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். ருஷ்டி அவள் பெயரையும் கீழே போட்டிருந்தான். "பட்டன அமுக்குனது நீ. உன் பேரு மட்டும் இருக்கட்டும்" என்று எடுக்க வைத்தாள்.

மாட்டிய அன்று மாலையில் யாரோ ஒரு பெண்மணி படத்தின் முன் நின்று மெர்சியாவிடம் கேட்டார். "ரெண்டு கொம்பும் தனித்தனியாத் தெரியுதே! நீங்க எடுத்ததா?"

"இல்லீங்க. எங்க ருஷ்டி எடுத்தது."

சொல்லிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வலது கை மெல்ல மேலே எழுந்தது. மணிக்கட்டு லேசாகச் சாய்ந்தது. கையில் இல்லாத விளக்கை விரல்கள் இறுக்கிப் பிடித்து, அந்த இரண்டு கொம்புகளை நோக்கி ஆடாமல் நின்றன.