நரி முகத்தில் முழித்த நாட்கள்

சர்க்கரை வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடக்கிறவர்கள் கூட்டம் சேர்த்துக்கொண்டு, குடும்பக் கதையெல்லாம் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். எனக்குக் காலையில் மனிதக் குரல் ஆகாது. தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். “அண்ணா, ரெண்டு பக்கமும் போடுங்க”, “சார், ஆதார்ல முகம் சரியா விழலீங்க” என்று நாள் முழுக்கக் கேட்டுக் காது புளித்துப்போனவன். அதனால் ஐம்பத்தைந்து வயதில் ஒரு சைக்கிள் வாங்கினேன். தெருவே சிரித்தது. என் மனைவி வாசல் வரை வந்து சிரித்தாள்.

தருமபுரியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஏரி. கரைமேல் சிமெண்ட் கல் பதித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சீமைக்கருவேல முள். பாதை போய் முடிகிற இடத்தில் பைபாஸின் சர்வீஸ் ரோடு. விடிகிற நேரத்தில் அங்கே போனால் மனிதர்களைவிட மற்றதுகள்தான் அதிகம். கீரி குறுக்கே ஓடும். உடும்பு ஒன்று கரைக் கல்லில் படுத்திருக்கும். மணி அடித்தாலும் நகராது, நான்தான் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மயில்களோ பாதைக்குப் பட்டா வாங்கிவிட்ட தோரணையில் நிற்கும். அதுகளைத் திட்டிக்கொண்டே ஓட்டுவது எனக்கு ஒரு சுகமாக இருந்தது.

நரியை முதலில் பார்த்தது மார்கழியில். பனிக்குள் ஏதோ நாய் என்று நினைத்துக் கிட்டே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தது. மெலிந்த முகம், நிமிர்ந்த காது, வாலின் நுனி கறுப்பு. அவசரப்படாமல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முள்ளுக்குள் இறங்கிப் போயிற்று.

அன்றைக்குத்தான் என் மகளுக்கு ஸ்கேன். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு முறை தரித்து, இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டன. மூன்றாவது முறை நின்றதும் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, ஓசூரிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டிருந்தார். ஸ்கேனில் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்து, பேச்சோடு பேச்சாக நரியைப் பற்றிச் சொன்னேன்.

“அப்ப நரி மொகத்துல முழிச்சிட்டுத்தான் போயிருக்கீங்க. அதான் நல்ல சேதி வந்திருக்குது” என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எங்கள் பக்கத்தில் இது பெரிய நம்பிக்கை. யாருக்காவது நல்லது நடந்தால் நரி முகத்தில் முழித்தாயா என்றுதான் கேட்பார்கள். சேலம் பக்கத்துச் சில ஊர்களில் பொங்கலுக்கு நரியை வலை போட்டுப் பிடித்து, ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் காட்டில் விடுவார்கள். இப்போது வனத்துறை விடுவதில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. என் கடைச் சுவரில் பார்த்தால் யோகம் வரும் என்று எழுதிய கழுதைப் படம் இருக்கிறது. அதைப் பத்து வருடமாகப் பார்க்கிறேன், பேப்பர் சிக்குவதுதான் வந்துகொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டர் படித்த மகளுக்கும் நம்பிக்கை கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மறுநாள் சைக்கிளை நிறுத்துவதற்குள் உள்ளே இருந்து குரல் வந்தது.

“அப்பா, பாத்தீங்களா?”

“பாத்தேன் கண்ணு.”

அதற்கப்புறம் தினமும் இதே கேள்வி. பார்த்தேன் என்றால் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவாள். பார்க்கவில்லை என்றால் “பரவால்லப்பா” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்த முதுகைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

மாசி பிறந்து அவளுக்கு ஐந்தாம் மாதம் வந்தது. அந்த மாதம்தானா பார்த்து நரி காணாமல் போக வேண்டும்? ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பத்து நாள். மூன்றாம் நாளிலிருந்தே நான் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஏழாம் நாள் அவளுக்கு லேசாக உதிரம் பட்டது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் பொய் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று, கழுதைப் படத்தைக் கேலி செய்த நானே நம்பினேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சாயங்காலம் கடையை மூடிவிட்டுக் கோழிக்கறிக் கடை பாயிடம் போய்க் கழிவு கேட்டேன்.

“நாய்க்குங்களாண்ணா?”

“ஆமாங்க பாய்.”

குடல், தோல், தலை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். விடிகாலையில் எடுத்துக்கொண்டு போனேன். ஏரிப் பக்கம் போட்டால் தெருநாய்கள் விடாது. அதனால் சர்வீஸ் ரோட்டைத் தாண்டி, எதிரே எல்லைக் கல் நட்டுப் போட்டிருந்த காலி மனையில் கொட்டினேன். இந்தப் பக்கம் சைக்கிளில் நின்றால் தின்றுவிட்டு ரோட்டைக் கடந்து திரும்பி வருகிற நரியின் முகம் நேராகத் தெரியும் என்று இடமும் பார்த்து வைத்தேன். அவ்வளவு கணக்காக யோசித்தவன், ரோடு என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. முள்ளிலிருந்து தலையை நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, குடுகுடுவென்று கடந்து போய்த் தின்றது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனில் படம் எடுத்து மகளிடம் காட்டினேன். அதைத் தன் போன் முகப்பில் வைத்துக்கொண்டாள். ஐந்தாம் மாதம் கடந்தது. ஆறும் கடந்தது. குழந்தை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். நானும் ஒரு நாள் தவறாமல் பையோடு போனேன்.

சித்திரையில் ஒரு நாள் சைக்கிள் பஞ்சர். டியூப் மாற்றிக்கொண்டு கிளம்ப அரை மணி தாமதம். நான் போனபோது நன்றாக விடிந்து வண்டிகள் ஓட ஆரம்பித்திருந்தன. சர்வீஸ் ரோடு ஓரத்தில் தெரு கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் நரி கிடந்தது. காலி மனையிலிருந்து திரும்பி வருகிற வழி அது. எனக்கு முன்னாலேயே போய், ஒன்றுமில்லாமல் காத்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

“ஏதோ காருங்க. நிக்காமப் போயிட்டான்” என்றார் அந்த அம்மா. பிறகு குனிந்து துடைப்பத்தின் நுனியால் அதன் காலை மெல்ல விலக்கினார். “பாருங்க, பால் கட்டியிருக்குது. குட்டி போட்டு இன்னும் நாளாகலீங்க. யாரோ பாவி அந்த மனையில தெனம் கறி கொட்டறான். அதுக்குத்தானுங்க இது ரோட்டத் தாண்டுது.”

பை என் சைக்கிள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஈ மொய்த்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் போய்க் கூட்ட ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை.

மாசியில் அது ஏன் காணாமல் போயிற்று என்று அப்போதுதான் புரிந்தது. குட்டி போட இடம் தேடி ஒதுங்கியிருக்கிறது. அதைத்தான் நான் கறி காட்டி ரோட்டுக்கு இழுத்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். “அப்பா, பாத்தீங்களா?” என்ற குரல் வந்தது.

“பாத்தேன் கண்ணு” என்றேன். அன்றைக்கு அது பொய்யில்லை.

மறுநாள் முள்ளுக்குள் இறங்கித் தேடினேன். சட்டை கிழிந்தது. மதகுக் கல்லுக்கு அடியில் ஒரு பொந்து, உள்ளிருந்து மெலிதாக ஒரு சத்தம். பாலை ஒரு தட்டில் ஊற்றி வைத்தேன். எறும்புதான் வந்தது. போன் பண்ணியதில் வனக்காவலர் ஒருவர் வந்து பார்த்தார். “ஆண் நரி இருந்தா அது பாத்துக்குங்க. நீங்க கிட்டப் போனா அதுவும் வராது” என்று என்னைக் கரைமேல் ஏற்றிவிட்டார். நான்காம் நாள் போனபோது சத்தம் இல்லை. ஆண் நரி வந்து கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்காவிட்டால் சோறு இறங்காது.

அதன் பிறகு இரண்டரை மாதம் தினமும் பார்த்தேன் என்றே சொன்னேன். ஆனியில் பேத்தி பிறந்தாள். முழு மாதம், நல்ல எடை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் என் மனைவி நரிக் கதை சொன்னாள். நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

போன மாதம் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த வந்திருந்தார்கள். ஒரு காலையில் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு ஏரிக்கரைக்கு வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தேன். பாதை முடிகிற இடத்தில் நின்று, “தாத்தாவோட நரி வரும் பாரு, இப்ப வரும்” என்று குழந்தைக்கு முள்ளைக் காட்டினாள். கால் மணி நேரம் நின்றோம். எனக்குத் தாங்கவில்லை.

“அது வராது கண்ணு. செத்துப்போச்சு.”

“எப்போ?”

“போன சித்திரையில. கார்ல அடிபட்டு.”

விரல் விட்டு எண்ணினாள். முகம் மாறியது. என் தோளில் சாய்ந்து அழுதாள். “எனக்காகவாப்பா அத்தன நாளு பொய் சொன்னீங்க?” என்றாள். குழந்தை பசித்துச் சிணுங்கியது. அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டாவை மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். நான் திரும்பிக் காலி மனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே இப்போது ஒரு வீடு கட்டுகிறார்கள்.

“பாவம்ப்பா அது” என்றாள் பின்னாலிருந்து. “குட்டி கிட்டி ஏதாச்சும் இருந்துச்சா?”

“இல்ல கண்ணு” என்றேன்.