டைப்பிஸ்ட் அக்கா பூட்டாத பூட்டு

டைப்பிஸ்ட் அக்கா பாஸ்வேர்டு அடிக்கும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இடது கையைக் கீபோர்டின் மேல் குடை மாதிரி கவிழ்த்துக்கொண்டு, வலது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார். டைப்ரைட்டரில் பத்து விரலும் பறக்கிற மனுஷி, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அப்படித் திணறுவார். எல்லாம் நான் செய்த வேலை. "சாமியே நேர்ல வந்து கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லக் கூடாதுக்கா" என்று முதல் நாளே அவரை மிரட்டி வைத்திருந்தேன். அவருடைய ஃபோல்டரை அவர் மட்டும் திறக்கும்படி செட் செய்து கொடுத்தவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குச் சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் கம்பெனி. ஆவடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். மற்றவர்கள் மவுஸைத் தொடவே பயந்ததால் என்னை இன்ஜினியர் என்று கூப்பிட்டார்கள். இல்லை என்று நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அக்கா எனக்கு முன்பே நாலு வருஷமாக அங்கே டெம்பரவரி. தயாரான சாமான்களைச் சோதித்த ரிப்போர்ட்டையெல்லாம் டைப் செய்து வைப்பது அவர் வேலை. அடுத்த மாதம் பர்மனென்ட் என்று மேனேஜரே வாயால் சொல்லியிருந்தார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பர்மனென்டை நினைத்துக்கொண்டே நடப்பேன் என்று ஒருமுறை சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பழைய கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் கெட்டுப்போயிருந்தது. டிஸ்கை அழிக்காமல் அதன் மேலேயே புதிதாக ஏற்றினேன். மத்தியானத்துக்குள் மெஷின் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் ஃபோல்டர் பத்திரமாக இருந்தது. ஆனால் திறந்தால் உனக்கு அனுமதி இல்லை என்றது. சரி, அக்கா பெயரிலேயே மறுபடி ஒரு யூசரைப் போட்டு, அதே பாஸ்வேர்டையும் வைத்தால் திறக்கும் என்று நினைத்தேன். பாஸ்வேர்டைக் கேட்டேன். அக்கா என் முகத்தையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நீதானே தம்பி சொல்லக் கூடாதுன்ன? தள்ளிக்கோ, நானே அடிக்கிறேன்" என்றார். அடித்தார். அப்போதும் திறக்கவில்லை.

நாளை மறுநாள், புதன்கிழமை, கஸ்டமர் ஆடிட்; சாமான் வாங்கும் கம்பெனி ஆட்கள் வந்து ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வருஷ ரிப்போர்ட்டும் அந்த ஃபோல்டருக்குள். மேனேஜர் வந்து பின்னால் நின்றார். ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. "அவங்க ஏதோ எக்ஸ்ட்ரா லாக் போட்டிருக்காங்க சார்" என்றேன். அதோடு விட்டேனா? "பாஸ்வேர்டு கேட்டப்பகூட தர யோசிச்சாங்க" என்று சேர்த்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, பர்மனென்ட் பண்ணாதான் தொறப்பியா?" என்று மேனேஜர் ஷாப் ஃப்ளோர் வரைக்கும் கேட்கும்படி கத்தினார். "நான் ஒண்ணும் பூட்டலை சார். பூட்டுறது எப்படின்னே எனக்குத் தெரியாது. தம்பி, நீயாவது சொல்லு தம்பி" என்றார் அக்கா. நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை, கோர்ஸில் என்னோடு படித்த நண்பனுக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். "புது சிஸ்டத்துல அதே பேர்ல ஆளைப் போட்டாலும் அதுக்கு அது வேற ஆளு மாமே. உள்ள வேற நம்பர் கீது. அட்மினா போயி ஓனர்ஷிப்பை உன் பேருக்கு மாத்து, தொறந்துக்கும்" என்றான். பத்து நிமிஷம் ஆகவில்லை. ரிப்போர்ட்டெல்லாம் வரிசையாக வந்து நின்றன. அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை.

மேனேஜர் ஓடி வந்து, "ஒடைச்சிட்டியாப்பா லாக்கை?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். திருமுல்லைவாயில் அடுத்த ஸ்டேஷன்தான். ஆள் அனுப்பினால் மத்தியானத்துக்குள் அக்கா சீட்டில் உட்கார்ந்திருப்பார். "ஒடைச்சிட்டேன் சார்" என்றேன். தோளில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போன வருஷம் திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேனில் போகும்போது, எதிர் சீட்டிலிருந்த வயதான அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் அக்காதான். எனக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்கே வேலைக்குப் போகவில்லையாம். துணிக்கடையில் மடித்து வைக்கும் வேலையிலேயே காலம் போய்விட்டதாம். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான்தான் கை தவறி எதையோ அமுக்கிட்டேன் போல தம்பி. எவ்ளோ யோசிச்சும் எதுன்னு தெரியல. ஆடிட் நேரத்துல உன்னப் போட்டு அலைய வுட்டுட்டேன். மனசுல வெச்சிக்காதப்பா."

வேன் பூந்தமல்லியில் நின்றது. "பரவாயில்லைக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.