அழாமல் கேட்ட அண்ணி

அப்போதெல்லாம் கெலமங்கலம் சந்தையில் சிந்துப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கிணற்றில் விழுந்தவள், ரயிலில் தலை வைத்தவன் என்று யாராவது செத்தால் போதும், அடுத்த சந்தைக்குள் பாட்டு அச்சாகி வந்துவிடும். எட்டாவது வரை படித்த நான்தான் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். சாவுப் பாட்டை வீட்டுக்குள் படிக்கக் கூடாது என்று அம்மா எங்களை மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போவாள். மாட்டுக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த முறை வந்தது, புருஷன் இரண்டாம் தாரம் கட்டப்போகிறான் என்று தெரிந்து கிணற்றில் விழுந்த ஒருத்தியின் பாட்டு. அம்மா முந்தானை நனைய அழுதாள். நன்றாக அழுதால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். எதுகைக்காகக் கிணற்றில் முதலையை விட்டிருக்கிறான் பாட்டுக்காரன், பார் என்று அண்ணன் சிரித்தான். அண்ணி மட்டும் தலை நிமிராமல் கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கன்னடத்துக்காரி, அவளுக்கு என்னா புரியும்" என்றாள் அம்மா.

அண்ணி மைசூர் சீமையிலிருந்து வாழ வந்து நாலு வருஷம். குழந்தை இல்லை. அண்ணனுக்கு நாகரசம்பட்டியில் வேறு பெண் பார்த்தாயிற்று, கோயிலில் வைத்துச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று அம்மா அவள் எதிரிலேயே தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். பாட்டில் வந்தவளுக்காக அழுததும் அதே அம்மாதான்.

எல்லோரும் எழுந்து போனதும் அண்ணி என்னிடம் கேட்டாள், தடங்கலே இல்லாத தமிழில்.

"அந்தப் பொண்ணு விழறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது சொன்னாளா?"

"பாட்டுல அப்படி இல்ல அண்ணி."

"சொல்லியிருப்பா. யாரும் காதுல போட்டுக்கிட்டிருக்க மாட்டாங்க."

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "பாட்டு கேட்டா மனசு அப்படித்தான் இருக்கும், சாயந்தரம் சரியாயிடும்" என்றாள். அவளுக்கு அப்படித்தான் சரியாகும். அண்ணனிடம் சொன்னேன், அவன் அதற்கும் சிரித்தான்.

அதன்பிறகு அண்ணி தண்ணீருக்குக் கிளம்பும்போதெல்லாம் நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏன் வருகிறேன் என்று அவள் கேட்டதில்லை. கிணற்றடியில் என்னை முதலில் சேந்த விட்டு, தான் தள்ளி நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தை பிறந்ததும் முகூர்த்தம் குறித்தார்கள். முகூர்த்தத்தன்று விடிந்ததும் அண்ணி வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். அண்ணனுக்கு வெந்நீரும் அவளேதான் வைத்தாள். பிறகு இடுப்பில் குடத்தோடு என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கு நீ வர வேணாம் கண்ணு. வீட்டுல வேலை கெடக்கு."

நான் கையில் எடுத்திருந்த என் குடத்தைக் கீழே வைக்கவில்லை.