சூசைதாசனின் இரண்டாங்குரல்

ஜெர்மனியின் எசன் நகரத்துத் தமிழர்களில் பிரித்தானியத் தேர்தல் முறைக்காகச் சண்டை பிடிக்கக்கூடியவர் சூசைதாசன் ஒருவர்தான். பிரித்தானியாவில் அவருக்கு வாக்கில்லை. பதின்மூன்று வருடமாக வரி கட்டிவந்த ஜெர்மனியிலும் வாக்கில்லை. தேர்தல் ஞாயிறுகளில் அயல்வீட்டுக்காரர் உடுத்திக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தன் வாழ்நாளில் வாக்குச்சீட்டில் போட்ட ஒரே புள்ளடி 1977இல், இலங்கையின் மன்னாரில், இருபத்துநாலு வயதில் போட்டது. அன்றைக்கு அங்கே இருந்தது வெள்ளைக்காரன் விட்டுப்போன முறை: தொகுதிக்கு ஓராள், முந்தினவர் வென்றவர். பிறகு அந்த நாட்டில் முறையை மாற்றினார்கள். அதற்குள் சூசைதாசன் நாட்டை மாற்றிவிட்டார். ஆனால் அந்த ஒரு புள்ளடியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்கு வேலை எசனுக்குப் பக்கத்து ஊரில், பூட்டுச் செய்யும் தொழிற்சாலையில். ஒரு நாளைக்கு எண்ணூறு திறப்புகள், அதாவது சாவிகள், அவர் கையால் போகும். ஒவ்வொன்றையும் அளவுத் தகட்டில் வைத்துப் பார்ப்பார். மயிரளவு பிழைத்தாலும் திறப்பு சிவப்புப் பெட்டிக்குள் விழும். மேற்பார்வையாளர் போதும் என்று சொன்ன திறப்பையும் இவர் திரும்ப எடுத்துப் பார்த்த நாட்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். தமிழ்க் கத்தோலிக்கரின் பாடகர் குழுவை ஒன்பது வருடமாக நடத்திவந்தார். பங்கு மண்டபத்தின் மூலையில் பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் அலுமாரி இருந்தது. அதற்குத் தன் கையாலேயே பூட்டுப் போட்டிருந்தார். பூட்டுக்கு ஒரே ஒரு திறப்பு. அது அவருடைய சட்டைப் பையில்.

அவருக்கு ஜெர்மன் வந்ததும் பாட்டால்தான். அகதி முகாமில் இருந்த காலத்தில் மொழி வகுப்புக்கு விடவில்லை. அங்கிருந்த பாதிரியார் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் ஜெர்மன் பாடகர் குழுவில் நிறுத்திவிட்டார். அதனால் அவர் முதலில் படித்த சொற்களில் ஒன்று 'ஷ்டிம்ம'. குரல் என்று பொருள். மேலே முதற்குரல், அதற்குக் கீழே இரண்டாங்குரல் என்று அங்கே பிரித்துப் பாடினார்கள். அந்த வழக்கத்தை அவர் தமிழ்க் குழுவுக்கும் கொண்டுவந்தார்.

1997ஆம் ஆண்டு வசந்தம் முழுவதும் அவருக்கும் லூக்காசுக்கும் தொலைபேசியில் போராட்டம். லூக்காஸ் அவருடைய மனைவி டொறத்தியின் தம்பி; லண்டனில் இருந்தான். கொமன்வெல்த் நாட்டுக்காரன் என்ற கணக்கில் அவனுக்கு அங்கே வாக்கு இருந்தது. வரும் மே முதலாந் திகதி பிரித்தானியாவில் தேர்தல்.

"மச்சான், உனக்கு அங்க என்ன குறை?" என்பார் சூசைதாசன். "ஒரு தொகுதி, ஒரு ஆள். முந்தினவன் வெண்டான். அடுத்தநாள் ஆட்சி துவங்குது. இஞ்ச எண்டால் வாரக்கணக்கில கூட்டணி பேசுவாங்கள்."

"அத்தான், நீங்கள் வெளியால நிண்டு பாக்கிறீங்கள். நான் போடுற கட்சி என்ர தொகுதியில எப்பவும் மூண்டாவது. நான் புள்ளடி போட்டாலும் ஒண்டுதான், அதில ஒரு கோழி கீறினாலும் ஒண்டுதான். உங்கட ஊர் முறைதான் தங்கம். அஞ்சு வீதம் எடுத்தவனுக்கும் கதிரை."

"என்ர ஊரோ? என்னை அவங்கள் பெட்டிக்குக் கிட்டவும் விடமாட்டாங்கள்."

டொறத்தி குசினிக்குள் நின்று சொல்வா: "வாக்கு உள்ளவர் முறை பிழை எண்டுறார். வாக்கில்லாதவர் முறை சரி எண்டுறார். ரெண்டு பேரும் வீட்டை மாத்துங்கோ."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் கேவலாரிலிருந்து கடிதம் வந்தது. ஜெர்மனியிலேயே இருக்கும் கேவலார் மாதா கோயிலுக்கு ஒவ்வொரு ஆவணியிலும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள், ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்த வருடத் திருப்பலியில் எசன் குழு பாடவேண்டும் என்று எழுதியிருந்தது. சூசைதாசன் கடிதத்தை நாலுதரம் வாசித்தார். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று கையைத் தூக்கிப் பாட்டைத் தொடக்குவது அவருடைய ஒன்பது வருடத்து ஆசை.

ஆனால் ஆசை அவருக்கு மட்டும் இருக்கவில்லை. மன்னாரில் ஆசிரியையாக இருந்த பிளோறன்ஸ் அக்காவும் தான் நடத்துவதாகச் சொன்னா. கீபோர்ட் வாசிக்கும் றெக்சும் கை உயர்த்தினான். வாக்கெடுப்பு வைப்பது என்று முடிவாயிற்று.

குழுவில் டொறத்தியோடு சேர்த்து இருபத்துமூன்று பேர். சூசைதாசன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். அவருடைய பக்கம் பத்துப்பேர். மிச்சப் பதின்மூன்றை மற்ற இருவரும் பிரித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் எழும்பி நின்று பிரித்தானிய முறையின் சிறப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

பிளோறன்ஸ் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "சூசைதாசன், உம்மட ஆக்கள் பத்துப்பேர். அதுதானே உமக்குப் பிரித்தானியா வடிவாத் தெரியுது?"

மண்டபம் சிரித்தது. அவரும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

"ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு வாக்குக் குடுப்பம்," என்றா அக்கா. "முதல் வாக்கில ஆருக்கும் பாதிக்கு மேல வராட்டி, ரெண்டாவதைப் பாத்து முடிவெடுப்பம். ஜெர்மன்காரனும் ரெண்டுதானே போடுறான்."

"எனக்கு எந்த முறையெண்டாலும் சரி," என்றான் றெக்ஸ். "ஞாயிறு ஆறு மணிக்கு முதல் முடியவேணும். ரீவியில பந்தடி இருக்கு."

அக்காவின் முறையே வென்றது. அறிவித்தலும் வாக்குச்சீட்டும் எழுதும் பொறுப்பு, கையெழுத்து வடிவென்று, சூசைதாசனிடம் வந்தது.

தோற்ற கோபத்தை அவர் வேலையில் காட்டுகிறவர் அல்ல. அகராதியை மேசையில் வைத்து இரண்டு பின்னேரம் எழுதினார். ஜெர்மன் தேர்தல் சட்டத்தில் முதலாவது ஷ்டிம்ம, இரண்டாவது ஷ்டிம்ம என்று இருப்பது அவருக்குத் தெரியும். டொறத்தி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"வாக்கு எண்டு எழுதினால் என்ன?"

"இஞ்சேரும், ஜெர்மன்காரன் வாக்குக்கும் குரலுக்கும் ஒரே சொல்லுத்தான் வைச்சிருக்கிறான். மனுசன் வாய் திறந்து சொல்லுறதுதானே வாக்கு. பாட்டுக்காரருக்கு இதைவிட வடிவான சொல் வேணுமோ?"

அறிவித்தல் இப்படி அமைந்தது: "ஒவ்வொருவரும் முதற்குரலுக்கு ஒரு பெயரும் இரண்டாங்குரலுக்கு ஒரு பெயரும் எழுதவேண்டும். முதற்குரலில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிடின் இரண்டாங்குரலே தீர்மானிக்கும். இரகசிய வாக்கெடுப்பு." வாக்குச்சீட்டிலும் அதேபோல இரண்டு வரி. ஒரு எழுத்துப் பிழை இல்லை. அதை அவரே மண்டபத்துப் பலகையில் ஊசி குத்தி ஒட்டினார்.

மே முதலாந் திகதி பிரித்தானியாவில் வாக்குப் போட்டார்கள். சனிக்கிழமை காலை லூக்காஸ் எடுத்தான்.

"தொழிற்கட்சி அள்ளிக்கொண்டு போட்டுது, அத்தான். நூறுக்கு நாப்பத்திமூண்டு பேர்தான் அவைக்குப் போட்டது. கதிரை எண்டால் மூண்டில ரெண்டு பங்குக்குக் கிட்ட. இது நியாயமோ?"

"நியாயத்தை விடு. முடிவு வந்திட்டுதோ இல்லையோ?"

"முடிவு வந்திட்டுது. தோத்த பிரதமர் வீட்டைக் காலி செய்துபோட்டு, பின்னேரமே கிரிக்கெட் பாக்கப் போட்டாராம்."

இது சூசைதாசனுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கு டொறத்திக்கு மட்டும் மூன்று தரம் சொன்னார். "மனுசன் எண்டால் அப்பிடி இருக்கவேணும். தோத்தால் திறப்பைக் குடுத்துப்போட்டுக் கிரிக்கெட் பாக்கப் போகவேணும்."

"ஓம் ஓம்," என்றா டொறத்தி.

மறுநாள் ஞாயிறு, மண்டபத்தில் சப்பாத்துப் பெட்டியொன்றுக்குள் இருபத்துமூன்று சீட்டுகள் விழுந்தன. பிளோறன்ஸ் அக்கா வாசிக்க, சூசைதாசன் கரும்பலகையில் கோடு போட்டார். முதல் வரி முடிந்தபோது சூசைதாசன் ஒன்பது, பிளோறன்ஸ் எட்டு, றெக்ஸ் ஆறு. பத்தாவது எங்கே போனது? அவர் டொறத்தியைப் பார்த்தார். டொறத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தா.

பாதி ஒருவருக்கும் இல்லை. அக்கா சீட்டுகளைத் திருப்பி அடுக்கி இரண்டாவது வரியை வாசிக்கத் தொடங்கினா.

"அன்ரனிற்றா," என்றா. அடுத்ததை எடுத்தா. "அன்ரனிற்றா." மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "இதுவும் அன்ரனிற்றா."

அன்ரனிற்றா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்பவள். கதைப்பது குறைவு. இரண்டாம் வரிசையில் ஓரத்தில் நின்று இரண்டாங்குரல் பாடுவாள். அவள் போட்டியிடவேயில்லை. இப்போது கதிரையின் விளிம்பில் இருந்து, தன் பெயர் விழ விழக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டிருந்தாள்.

கடைசிக் கணக்கு: அன்ரனிற்றாவுக்கு இருபது. பக்கத்தில் நின்று பாடும் பிறின்சிக்கு ஒன்று, அது அன்ரனிற்றா தானே போட்டது. றெக்சுக்கு இரண்டு. அதில் ஒன்று, ஆபத்தில்லாத ஆளென்று சூசைதாசன் எழுதியது. மற்றது ஆருடையது என்று அவர் பிளோறன்ஸ் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தா.

"நான் விளங்காமல்தான் கேக்கிறன்," என்றார் சூசைதாசன். "ஏன் எல்லாரும் அன்ரனிற்றாவை எழுதினீங்கள்?"

"நீங்கள்தானே இரண்டாங்குரலுக்கு ஒரு பெயர் எழுதச் சொன்னீங்கள்," என்றாள் பிறின்சி. அவளும் இரண்டாங்குரல்தான். "முதல் வரி, குழுவை நடத்துறதுக்கு. ரெண்டாவது வரி, கேவலாரில இரண்டாங்குரலை நடத்துறதுக்கு. அதுக்கு வேற ஆரை எழுதுறது?"

பின்வரிசையில் ஆரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. பிளோறன்ஸ் அக்கா கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தா.

"இதைக் கிழிச்சுப்போட்டுத் திருப்பி வைப்பம்," என்றா அக்கா. "பிழை உம்மட சொல்லில."

றெக்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தான். "திருப்பி என்னத்துக்கு? சூசையண்ணைக்குத்தானே ஒம்பது. பிரித்தானிய முறையில பாத்தால் அவர்தான் வெண்டது. அவரே நடத்தட்டும்."

பலர் தலையாட்டினார்கள். கேவலார் அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. தான் சொன்ன முறை, தான் எண்ணிய கணக்கு. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அவர் பலகைக்குப் போய்த் தன் அறிவித்தலை வாசித்தார். இரண்டாங்குரலே தீர்மானிக்கும். அவருடைய கையெழுத்துத்தான்.

"ஒண்டு மட்டும் சொல்லுங்கோ," என்றார், திரும்பாமலே. "இரண்டாங்குரலில ஏழு பேர் நிக்கினம். இருபது பேருக்கும் ஒரே பெயர் எப்பிடி வந்தது?"

டொறத்திதான் வாய் திறந்தா.

"இஞ்சருங்கோ, கோவிக்காதேங்கோ. நீங்கள் பாட்டைக் கூரையில துவங்குறீங்கள். அன்ரனிற்றாதான் பின்னால நிண்டு மெல்லமா எங்களை நிலத்துக்கு இறக்கிறவள். நாங்கள் அவளைக் கேட்டுத்தான் பாடுறம்."

"எத்தினை வருசமா?"

"ஒம்பது."

இரண்டாவது அடியில் குழு எப்போதும் சுருதி இறங்குவதை அவர் கவனித்திருந்தார். அது இவர்களுடைய சோம்பல் என்று நினைத்து ஒன்பது வருடமாக ஏசியிருந்தார். நாளைக்கு எண்ணூறு திறப்பை அளக்கிற மனிதர் தன் தொண்டையை ஒருநாளும் தகட்டில் வைத்துப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்புப் பெட்டி கண்ணுக்குள் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்த சிரிப்பு, பிறகு வாய்விட்டு வந்தது.

"கிரிக்கெட்," என்றா டொறத்தி மெதுவாக.

சூசைதாசன் சட்டைப் பையிலிருந்து அலுமாரித் திறப்பை எடுத்து அன்ரனிற்றாவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எனக்கு ஏலாது, அண்ணை. நான் அவ்வளவு சனத்துக்கு முன்னால நிக்கமாட்டன்."

"முன்னால நிக்கவேண்டாம், தங்கச்சி. இருந்த இடத்தில நிண்டு துவங்கும். நாங்கள் உம்மட பக்கம் திரும்பி நிப்பம்."

"பிழைச்சால்?"

"பிழைச்சால் கேவலார் மாதாவுக்குப் புதுசில்லை. போன வருசம் பாரிஸ்காரர் பாடினதைக் கேட்டவதானே."

அன்ரனிற்றா சிரித்துக்கொண்டே ஒரு கையை வெளியே எடுத்தாள். அவர் திறப்பை அதில் வைத்தார். நேரம் ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. "தம்பி, உன்ர வீட்டில ரீவி பெரிசுதானே?" என்று கேட்டு, றெக்சோடு பந்தடி பார்க்கப் போய்விட்டார்.

ஆவணியில், கேவலாரில், கூட்டத்துக்கு முன்னால் நடத்துநர் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. வந்திருந்தவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். எசன் குழு அரைவட்டமாகத் திரும்பி நின்றது. ஓரத்தில் நின்ற அன்ரனிற்றா தன் கையை இடுப்புக்கு மேலே தூக்காமல் சும்மா அசைத்தாள். பாட்டு அதன் சுருதியில் தொடங்கி, முடியும்வரை அந்தச் சுருதியிலேயே நின்றது. சூசைதாசன் கீழ்க்குரலில் நின்று பாடினார். கழுத்து நரம்பு புடைக்காமல் அவர் ஒரு பாட்டை முழுவதும் பாடியது அந்த வருடந்தான்.

லண்டனிலிருந்து வந்திருந்த லூக்காஸ், திருப்பலி முடிந்து சோற்றுப் பொதியை அவிழ்க்கும்போது கேட்டான். "அத்தான், கடைசியில எந்த முறையில தோத்தீங்கள்? பிரித்தானிய முறையிலயோ, ஜெர்மன் முறையிலயோ?"

"ரெண்டும் இல்லை. என்ர மொழிபெயர்ப்பு முறையில."

"அதிருக்கட்டும். என்ர அக்கா உங்களுக்குத்தானே போட்டவ?"

சூசைதாசன் டொறத்தியைப் பார்த்தார். டொறத்தி அவருடைய பொதியில் இன்னொரு மீன்துண்டை வைத்தா.

"இரகசிய வாக்கெடுப்பு எண்டு எழுதி ஒட்டினது ஆர்?" என்றா. "சாப்பிடுங்கோ."