பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு மூடிக்கிட்ட கோரல்

கடலைப் பார்க்கணும்னா விடியமுன்னாடியே பஸ் ஏறவேண்டிய கண்டியில, அடுத்தவங்க வீட்டு ஹோலுக்குள்ள கடலை வச்சுக் காப்பாத்துறதுதான் என் பிழைப்பு. உப்புத்தண்ணி மீன்தொட்டி வச்சிருக்கிறவங்க வீடு வீடாப் போய்க் கண்ணாடி துடைச்சு, தண்ணி மாத்தி, "ஐயோ, இது செத்துப்போச்சா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருப்பேன். உங்க வீட்டுலயும் ஒரு தொட்டி இருந்தா, என் வேதனை உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

கிலோ என்ன விலை?

கட்டுகஸ்தோட்டையில தர்ஷினி வீட்டுக்கு முதன்முதலாக் கோரல் கொண்டுபோன நாள். கலஹாவில இருந்து பஸ்ல வர்றேன், மடியில மூடி போட்ட வாளி. உள்ள இருந்தது லெதர் கோரல். முருகைக்கல் இனந்தான், ஆனா கல்லு இல்ல, தொட்டா தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும். பெரிய காளான் உருவத்துல, தலை முழுக்கக் குட்டிக் குட்டி விரலா நீட்டிக்கிட்டு ஆடும். லேசுல சாகாத சாதி. அதனாலதான் புதுசாத் தொட்டி வைக்கிறவங்களுக்கு இதையே குடுக்கிறது.

பேராதனை வளைவுல பஸ் போட்ட குலுக்குல, பக்கத்து சீட்டு அம்மா சேலையெல்லாம் உப்புத்தண்ணி. நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, இது கடல் உயிரு, தொட்டியிலேயே வளர்த்து வெட்டி எடுத்த துண்டு, அப்படி இப்படின்னு பெரிய விளக்கமே குடுத்தேன். அந்தம்மா பொறுமையாக் கேட்டுட்டு மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தாங்க. "அதெல்லாம் சரி, கணவாய் கிலோ என்ன விலைக்குக் குடுக்குறீங்க?"

சைவமா, அசைவமா?

தர்ஷினிக்கு பேங்க்ல வேலை. ஆசைப்பட்டுத் தொட்டி வச்சவ அவதான், ஆனா வீட்டு அதிகாரம் அவங்கம்மா சகுந்தலாக்கா கையில. கோரலை இறக்கி வச்சதும் அக்கா இடுப்புல கையை ஊன்றிக்கிட்டு விசாரணையை ஆரம்பிச்சாங்க. இது செடியா, உசிரா? உசிருதான்க்கா. என்ன திங்கும்? முக்கால்வாசி வெளிச்சத்தை வச்சே பிழைச்சுக்கும், எப்பவாவது துளி எறால் தூள் போட்டா சந்தோஷப்படும்னேன். அங்கதான் வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். "வெள்ளிக்கிழமை இந்த வீட்டுல கவிச்சு கிடையாது தங்கச்சி. இங்க இருக்கணும்னா அதுவும் விரதம் இருக்கட்டும்."

வேற யார் பார்ப்பா?

விரதம் இருந்தும் கோரல் ஜோரா வளர்ந்துச்சு. தர்ஷினி வேலை விட்டு வந்தா ஹேண்ட்பேக்கைக்கூடக் கழட்டாம அது முன்னாடி போய் நிப்பாளாம். அப்பதான் மாத்தளையில இருந்து ஒரு வரன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு முடிவாச்சு. அந்த வாரம் பார்த்துத் தொட்டியில நம்ம ஆள் விரலையெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு, மெழுகு பூசின மாதிரி மினுங்கிக்கிட்டு, கருவாடாச் சுருங்கி நின்னுட்டார்.

இந்தக் கோரலுக்கு இது வழக்கம். மேல அழுக்கு, பாசி சேர்ந்தா ஒரு படைத் தோலை உரிச்சுத் தள்ளும். உரிச்சு முடியிற வரைக்கும் பொணம் மாதிரித்தான் நிக்கும், யாரும் கை வைக்கக் கூடாது. பம்பை அது பக்கம் திருப்பித் தண்ணி ஓட்டத்தைக் கூட்டிவிட்டாப் போதும். நானும் அதைத்தான் செஞ்சேன். அக்கா கேட்டாத்தானே! நல்ல காரியம் நடக்கிற ஹோல்ல இப்படி ஒண்ணு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கக் கூடாதாம். சனிக்கிழமைக்குள்ள விரியலன்னா மகாவலி ஆத்துல கொண்டுபோய் விட்ருவாங்களாம். "உப்பில்லாத தண்ணியில போட்டா உடனே செத்துரும்க்கா!"ன்னு கத்தியே பார்த்துட்டேன். தர்ஷினி என்கூட கேட் வரைக்கும் வந்தா. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. "மாப்பிள்ளை சரிவரலன்னா அம்மா வேற பார்ப்பாங்க. இது போச்சுன்னா எனக்கு வேற யாரு அக்கா பார்ப்பா?"

ஓடுற தண்ணி

வெள்ளிக்கிழமை கோல் வந்துச்சு, பம்பு நின்னுபோச்சுன்னு. ஓடிப்போய்க் கழட்டிப் பார்த்தா, பம்பு வாயில ஒரு செத்தல் மிளகாய்! மீனெல்லாம் ஒரு மூலையில ஒதுங்கிக்கிட்டு என்னையே பார்க்குது. சகுந்தலாக்கா கொஞ்சமும் அசரல. கோரலுக்குக் கண்ணூறு பட்டுருச்சாம், உப்பு மிளகாய் சுத்திப் போட்டாங்களாம். அதை ஏன் தொட்டிக்குள்ள போட்டீங்கன்னு கேட்டா, சுத்தின உப்பை ஓடுற தண்ணியில தானே விடணும், இந்த வீட்டுல எந்நேரமும் தண்ணி ஓடுறது உன் தொட்டியில தானேங்கிறாங்க.

ஆத்திரத்தோட வாளியைத் தூக்கினேன். பாதித் தண்ணியை இறைச்சு மாத்திக்கிட்டு இருக்கும்போதுதான் புத்தி வேலை செஞ்சது. "சரிக்கா, சுத்திப் போட்டாச்சு. அது பலிக்க ஒரு மூணு நாளாவது விடவேணாமா?" அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாங்க. சொந்த வைத்தியத்தை அவங்களே எப்படிக் குறை சொல்றது? "சரி, திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை படுக்கை விரிப்பைப் போட்டு மூடிருவேன்."

விரிப்புக்குள்ள என்ன?

ஞாயித்துக்கிழமைக் கதை தர்ஷினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஹோல் நடுவுல பூப்போட்ட விரிப்பை மூடிக்கிட்டு ஒண்ணு குபுகுபுன்னு சத்தம் போட்டா யார் பொண்ணைப் பார்ப்பா? வந்தவங்க எல்லார் கண்ணும் அதுமேலதான். கடைசியில மாப்பிள்ளைப் பையன் எழும்பிப் போய் விரிப்பைத் தூக்கிட்டான். சுருங்கிப்போன காளானைப் பார்த்துட்டு, செத்துருச்சான்னு கேட்டானாம்.

தலையைக் குனிஞ்சு உக்காரணும்னு சொல்லி வச்சிருந்த பொண்ணுக்கு வந்துச்சே கோவம்! "சாகல, தோல் உரிக்குது"ன்னு ஆரம்பிச்சவ நிறுத்தவே இல்ல. அவனும் விடல, ஏன், எப்படி, மறுபடி எப்ப விரியும்னு கேள்விமேல கேள்வி. பலகாரம் அப்படியே இருக்கு, டீ ஆறிப்போச்சு, சகுந்தலாக்கா முகத்துல ஈயாடல. அப்பதான் பையனோட அம்மா வாயைத் திறந்தாங்களாம். "வீட்டுல இவன் வாயில இருந்து ஒரு வார்த்தை புடுங்க முடியாது. இந்தப் புள்ளையே எங்களுக்குப் போதும்."

ராசி

செவ்வாய்க்கிழமை தோலெல்லாம் உரிஞ்சு போய், கோரல் முன்னைக்கு ரெண்டு மடங்கு அழகா விரிஞ்சு ஆடுச்சு. தர்ஷினி அனுப்பின போட்டோவைப் பார்த்து நான் அடைஞ்ச சந்தோஷத்துக்கு அளவே இல்ல. நம்ம சொன்னது சொன்னபடி நடந்துருச்சுல்ல! பாராட்டு வரும்னு போனைக் கையிலேயே வச்சிருந்தேன், சகுந்தலாக்காவே கோல் எடுத்தாங்க. குரல்ல அப்படியொரு கவலை. "தங்கச்சி, இது விரிஞ்சு தொலைச்சிருச்சே! அடுத்த மாசம் நிச்சயதார்த்தம், அதுக்குள்ள பழையபடி சுருங்க வைக்க ஏதாவது மருந்து இருக்கா?"

கோரல் வளர்க்கிறது ஒண்ணும் கஷ்டமில்லைங்க, அதை வச்சிருக்கிற வீட்டுக்காரங்களைச் சமாளிக்கிறதுக்குள்ள நமக்குத்தான் தோல் உரியுது.